பக்கத்தில் இருக்கிறவன் பேர் என்ன?

எங்களுடையது சின்ன ராணுவம். எந்த பட்டாலியன் அடிபட்டாலும் அதில் நம்மோடு பயிற்சி எடுத்தவன் ஒருத்தன் இருப்பான். நான் கள மருத்துவமனையில் உதவியாளன். முதல் நாள் ஸ்ட்ரெச்சர்கள் வரிசையாக வந்தபோது அலறிக்கொண்டிருந்தவனிடம்தான் ஓடினேன். டாக்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "கத்துறவனுக்கு மூச்சு இருக்குடா, சத்தமே இல்லாதவனைப் பாரு" என்றார். ஓரத்தில் கிடந்தவன் தொடையில் ரத்தம் நிறுத்தும் பட்டை, அதன்மேல் மார்க்கரில் கட்டிய நேரம்: 6.40. கட்டியது ஒரு டிரைவர். அவருக்கு அது தெரியாமல் போயிருந்தால் எங்களிடம் உடல்தான் வந்து சேர்ந்திருக்கும். மதியத்துக்குள் ஏற்றுவதற்கு இருந்த ரத்தம் தீர்ந்துவிட்டது, ரத்தம் கொடுக்க சமையல்காரர்களும் கிளார்க்குகளும் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

சரி, காயத்தை நாங்கள் பார்த்துக்கொண்டோம். ஆனால் பத்து வருஷம் பழுத்த சார்ஜென்ட் போனால் அவருக்குப் பதில் யாரை அனுப்புவது? பெரிய ராணுவம் அடிபட்ட படையைப் பின்னால் இழுத்து வேறு படையை நிறுத்தும். சின்ன ராணுவத்தில் மிச்சம் இருப்பவர்களைச் சேர்த்து ஒட்டவேண்டியதுதான். 1973இல் சிரியாவுடன் நடந்த போரில் கோலான் குன்றுகளில் இஸ்ரேலின் 188வது கவசப் படையணியில் தளபதியும் துணைத் தளபதியும் ஒரே நாளில் இறந்தார்கள். பழுதுபார்த்த டாங்குகளில் கிடைத்த ஆட்களை ஏற்றித்தான் மறுபடி சண்டைக்குப் போனார்கள். 1982இல் அர்ஜென்டினாவுடன் நடந்த போரில் ஃபாக்லாந்துத் தீவுகளின் கூஸ் கிரீனில் பிரிட்டிஷ் பாராசூட் படையின் கர்னல் ஜோன்ஸ் குண்டடிபட்டு விழுந்ததும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த மேஜர் கீபிள் பொறுப்பேற்றுச் சண்டையை முடித்தார். அடுத்த ஆளுக்கு மேலே இருப்பவரின் வேலை முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும், நான் கண்ணால் கண்டதும் அதைத்தான்.

மூன்றாம் நாள் மருந்துப் பெட்டியோடு முன்வரிசைக்குப் போனேன். 31 பேராகப் போன ஒரு பிளட்டூனில் 17 பேர் இருந்தார்கள். இருபது வயது கார்ப்பரல் ஒருவன் பட்டியலை வைத்துப் பெயர் கூப்பிட்டான், பதில் வராத பெயர்மேல் தீப்பெட்டியை அணைவைத்துப் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டான், பெயர் அழியாதபடி. அப்புறம் புதிதாக ஒன்பது பேர் வந்தார்கள். பழையவர்கள் யாரும் அவர்களிடம் பேசவில்லை. கல்நெஞ்சமெல்லாம் இல்லை, இன்னொருத்தனைப் பழகி இழக்கத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். அந்தக் கார்ப்பரல் பையன் ஒவ்வொரு பதுங்குகுழியிலும் ஒரு பழையவனையும் ஒரு புதியவனையும் சேர்த்துப் போட்டான். ராத்திரி ஒவ்வொரு குழியாகத் தவழ்ந்து போய்ப் பழையவனிடம் ஒரே கேள்விதான் கேட்டான்: "பக்கத்தில் இருக்கிறவன் பேர் என்ன?"