இறால் அலர்ஜியும் இன்ஷூரன்ஸ் தாளும்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இறால் சாப்பிட்ட மகனை அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், இப்போது இன்ஷூரன்ஸ் தாளில் டி78.02எக்ஸ்ஏ (T78.02XA) என்று போட்டிருக்கிறது, இது என்ன வியாதி என்று கேட்டிருந்தீர்கள். புது வியாதி எதுவும் இல்லை, பயப்படாதீர்கள். இறால், நண்டு வகையால் அனாபிலாக்ஸிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தாகக்கூடிய கடும் அலர்ஜி, வந்தது, அதற்கு வைத்தியம் பார்த்தோம் என்று ஆஸ்பத்திரி எழுதியிருக்கிறது. கடைசியில் உள்ள 'ஏ'யைப் பார்த்து முதல் தடவை வந்ததைக் குறிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் கட்டம் என்பதுதான் அதன் பொருள். தேறிவரும்போது மறுபடி போய்க் காட்டினால் அந்த இடத்தில் 'டி' (D) வரும்.

இந்தக் குறியீடுகளுக்கு ஐசிடி-10-சிஎம் என்று பெயர். அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. நீங்கள் டாக்டரிடம் எவ்வளவு விளக்கமாகச் சொன்னாலும், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கண்ணில் முதலில் படுவது இந்த எண்தான்.

உணவு அலர்ஜிக்கு இரண்டு விதமான எண்கள் உண்டு. உடம்பு படுத்திய அன்றைக்கு டி78 வரிசை: இறால், நண்டுக்கு 02, மற்ற மீன்களுக்கு 03, வேர்க்கடலைக்கு 01, முந்திரி, பாதாம், எள் போன்றவற்றுக்கு 05. ஒன்றும் ஆகாத நாளில், இந்த ஆளுக்கு அலர்ஜி உண்டு என்று குறித்துவைக்க இசட்91 வரிசை. கடலுணவுக்கு இசட்91.013. காய்ச்சலுக்குப் போனாலும் இது கூடவே ஒட்டிக்கொண்டு வரலாம். அதற்காக யாரும் கூடுதலாகப் பணம் கேட்க மாட்டார்கள். பழைய நோய் இருக்கிறது என்று சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுப்பதற்கும் 2014 முதல் பெரும்பாலான திட்டங்களில் வழியில்லை.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த இசட்91.013 இறாலுக்கும் வஞ்சிரத்துக்கும் கணவாய்க்கும் பொதுவானது. உங்கள் மகனுக்கு இறால் மட்டும்தான் ஆகாது, மீன் குழம்பு நன்றாகவே சாப்பிடுகிறான் என்றால், அந்த வேறுபாடு எண்ணில் இருக்காது. மருத்துவக் கோப்பில் 'அலர்ஜி பட்டியல்' என்று தனியாக ஒன்று உண்டு. அதில் 'இறால்' என்றே எழுதச் சொல்லுங்கள். முந்திரி, எள், பருப்பு வகை அலர்ஜிகளுக்கு நிலைமை இன்னும் மோசம்: எல்லாம் 'மற்ற உணவுகள்' என்ற இசட்91.018க்குள் அடைபட்டுவிடும்.

அந்தப் பட்டியல் எப்படி நிரம்புகிறது என்று பாருங்கள். நர்ஸ் ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே அலர்ஜி உண்டா என்று கேட்பார். நாம் 'ஷெல்ஃபிஷ்' (இறால், நண்டு, சிப்பி வகை) என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுவோம். திரையில் அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் 'என்ன ஆனது' என்பது காலியாகவே கிடக்கும். அதை நிரப்பவையுங்கள்: எவ்வளவு சாப்பிட்டான், எத்தனை நிமிடத்தில் தொடங்கியது, உதடு வீங்கியதா, தடிப்பு வந்ததா, வாந்தி எடுத்தானா, மூச்சு இழுத்ததா. ஊரில் பாட்டி கரப்பான் பண்டம் என்று ஒதுக்கிவைத்த கத்திரிக்காயையும் கருவாட்டையும் இதில் ஏற்றிவிடாதீர்கள். பால் குடித்தால் வயிறு உப்புவதும் பெரும்பாலும் அலர்ஜி கிடையாது, பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காததுதான். அதற்கு இ73 என்று வேறு குறியீடு. பட்டியலில் ஏறியதை இறக்குவது பெரும்பாடு. தவறாக ஏறிவிட்டால் திருத்தக் கோரி எழுதிக் கொடுக்கச் சட்டப்படி உரிமை உண்டு, 60 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும், ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம்.

சிடி ஸ்கேனுக்குப் போகும்போது இறால் அலர்ஜி உண்டா என்று இன்னும் சில இடங்களில் கேட்கிறார்கள். ஸ்கேனுக்காக ஏற்றும் மருந்தில் உள்ள அயோடினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இறாலில் வம்பு செய்வது பெரும்பாலும் ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம். பழைய நம்பிக்கை, ஆஸ்பத்திரியிலும் சாகாமல் இருக்கிறது.

டாக்டர் 'அலர்ஜியாக இருக்கலாம்' என்று சந்தேகத்தோடு எழுதினால், வெளிநோயாளிக்கு அந்தச் சந்தேகத்தைக் குறியீடாகப் போட விதி அனுமதிப்பதில்லை. தடிப்பு, வாந்தி என்று கண்ட அறிகுறியைத்தான் போடுவார்கள். ஆகவே முதல் தாளில் வெறும் தடிப்பு என்று இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ முடிந்து உறுதியானபின் எண் மாறும்.

பரிசோதனைக்குப் பணம் தர முடியாது என்று தாள் வந்தால் இன்ஷூரன்ஸ்காரரிடம் மணிக்கணக்கில் போனில் மல்லுக்கட்டிப் பயனில்லை. எண்ணை அவர் மாற்ற முடியாது. டாக்டர் ஆபீசின் பில்லிங் பிரிவைக் கூப்பிட்டு, எந்தக் குறியீட்டோடு அனுப்பினீர்கள், கோப்பில் உள்ளதோடு அது பொருந்துகிறதா என்று கேளுங்கள். பொருந்தவில்லை என்றால் திருத்திய பில்லை அனுப்பச் சொல்லுங்கள். அப்படியும் நடக்காவிட்டால் மறுப்பு வந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கடிதம் வந்த உறையைக்கூட எறியாதீர்கள்.

கடையில் லேபிள் படிக்கும்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஷெல்ஃபிஷில் இறால், நண்டு, சிங்கி இறால் வகையை லேபிளில் குறிப்பிடுவதைத்தான் அலர்ஜி எச்சரிக்கைச் சட்டம் கட்டாயமாக்குகிறது. கணவாய், மட்டி, சிப்பி அதில் அடங்காது. எள் 2023 ஜனவரி 1 முதல் சேர்ந்திருக்கிறது.

பள்ளிக்கு இந்த எண்ணெல்லாம் வேண்டாம். டாக்டர் கையெழுத்திட்ட அவசரகாலப் படிவமும் காலாவதியாகாத எபிபென் என்ற அவசர ஊசியும்தான் கேட்பார்கள். ஆகஸ்டில் ஊரே அந்தப் படிவத்தோடு டாக்டர் வாசலில் நிற்கும், ஜூலையிலேயே வாங்கிவிடுங்கள்.