16-க்கு 11 அடி தியேட்டர் அறை: டவர் ஸ்பீக்கர் தேவையா? வசனம் புரியவில்லை

மாடியறை: படம் பார்ப்பதற்கென்றே மாடியில் ஓர் அறை கட்டியிருக்கிறோம். நீளம் 16 அடி, அகலம் 11, உயரம் 10. வெறும் சுவர், டைல்ஸ் தரை. நண்பரின் 5.1 செட்டை (ஐந்து ஸ்பீக்கர், பாஸுக்கென ஒரு சப்வூஃபர்) வைத்துப் பார்த்தேன். சண்டைக்காட்சி அதிர்கிறது, வசனம்தான் புரியவில்லை. பின்சுவரை ஒட்டிய சோபாவில் உட்கார்ந்தால் பாஸ் (அடித்தொனி) கும்மென்று காதை அடைக்கிறது. கடையில் ஏழு ஸ்பீக்கர் உள்ள 7.1, முன்னால் தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கர் இரண்டு என்கிறார்கள். கையில் ஒன்றரை லட்சம். எதை எடுக்கலாம்?

பழைய ஆம்ப்: சார், அறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். டர்ர்ரென்று எதிரொலி வருகிறதா?

மாடியறை: நன்றாகவே வருகிறது.

பழைய ஆம்ப்: வசனத்தைக் கெடுப்பது அதுதான். தரைக்குக் கனமான கம்பளம், ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். பக்கச் சுவர்களுக்குத் துணி சுற்றிய ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல்நார்ப் பஞ்சு அல்ல, பாறையிழைப் பஞ்சு) பலகை. அதை எங்கே மாட்டுவது? நீங்கள் சோபாவில் உட்கார, இன்னொருவர் சுவரோரம் கண்ணாடியை நகர்த்தட்டும். ஸ்பீக்கர் எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கே. முட்டை அட்டை ஒட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். வேலைக்கும் ஆகாது, தீப்பிடித்தால் ஆபத்து.

16 அடி நீளத்துக்கு 35 ஹெர்ட்ஸ் அருகே பாஸ் ஒலி தேங்கி நிற்கும். சுவரோரம் அது உச்சம், அறை நடுவில் காணாமலே போய்விடும். சோபாவைப் பின்சுவரிலிருந்து 5 அடி முன்னால் இழுங்கள். அப்புறம் சப்வூஃபரைத் தூக்கிச் சோபாவில் வைத்து ஒரு பாஸ் பாட்டை ஓடவிட்டு, முன்சுவரோரம் தவழ்ந்து கேளுங்கள். எங்கே சீராகக் கேட்கிறதோ அதுதான் சப்புக்கு இடம். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வயர்மேன்: வசனம் பெரும்பாலும் சென்டரில், அதாவது முன்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரில்தான் வரும். அதை ஸ்டாண்டுக்குள் தள்ளி வைக்காமல் விளிம்புவரை இழுத்து, காதைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். முன் ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் வரிசையில் எடுங்கள். ரிசீவரில் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்) கிராஸ்ஓவர் எல்லையை 80 ஹெர்ட்ஸ் வைத்தால் அதற்குக் கீழே எல்லாம் சப்புக்குப் போய்விடும். பிறகு டவருக்கு எதற்குக் காசு? ஐந்து புக்‌ஷெல்ஃப் (சிறிய ஸ்பீக்கர்), ஒரு நல்ல சப், 5.1.2 ரிசீவர் (கடைசி 2 கூரை ஸ்பீக்கருக்கு) போதும். வாட்ஸைப் பார்த்து மயங்காதீர்கள். வாட்ஸ் இரட்டித்தாலும் 3 டெசிபல்தான் கூடும்.

இசைப்பித்தன்: ஸ்டீரியோவில் பாட்டு கேட்பவருக்கு டவர் தனி சுகம்தான். படம் மட்டும் என்றால் வயர்மேன் சொல்வது சரி.

மாடியறை: படம் மட்டும்தான் அண்ணா. அட்மாஸ் (கூரையிலிருந்தும் ஒலி வரும் முறை) பிறகு பார்க்கலாமா? அடுத்த வாரம் ஃபால்ஸ் சீலிங் போடுகிறார்கள்.

வயர்மேன்: ஸ்பீக்கர் பிறகு வாங்குங்கள், வயரை இப்போதே இழுத்துவிடுங்கள். சோபாவுக்குச் சற்று முன்னால், இடம் வலம் இரண்டு முனை. 14 கேஜ் (கம்பியின் தடிமன்) சுத்தச் செம்பு. கடையிலேயே நுனியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.