அன்னையர் ஞாயிறு: திரும்பிப் போன தூக்குப்பாத்திரம்

பாறசாலை வாசகர்:

மே மாதத்து இரண்டாம் ஞாயிறு எப்படி நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியுமாதலால் ஆராதனையை விவரிக்கப் போவதில்லை. பாறசாலைக்கு அருகிலுள்ள எங்கள் தமிழ்ச் சபையில், குணசாலியான பெண்ணைப் புகழும் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம் வாசித்து முடிந்ததும் போதகர் தாய்மாரை முன்னே அழைத்தார். என் பெரியம்மை மணம் செய்துகொள்ளாதவர்; அம்மை இறந்த பிறகு எங்களை வளர்த்தவர் அவரே. அவரும் வரிசையில் நின்றார். போதகர் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். அதன்பின், பெண்கள் ஐக்கியத்து அக்காள் ஒருவர் தாய்மாருக்குரிய பரிசான எவர்சில்வர் தூக்குப்பாத்திரத்தை நீட்டியவர், “பெரியம்மைக்கு லிஸ்டில் பேர் இல்லையே” என்றபடி, பெரியம்மையின் விரல்கள் ஏற்கெனவே பற்றிவிட்ட அதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். “இருக்கட்டும் மக்களே, வீட்டில் உள்ளதை வைக்கவே இடமில்லை” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மை இருக்கைக்குத் திரும்பினார். பாத்திரம் பெரிய விலையுள்ளதன்று. ஆனாலும் இரண்டு கைகளுக்கு நடுவே அது நின்ற அந்த நொடி என்னை விடுவதாயில்லை.

கொழிஞ்சாம்பாறை வாசகி:

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பட்டியல் வைத்ததே குற்றம் என்பதுபோல் எழுதுவதை நான் ஏற்கவில்லை. நாங்கள் சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள். 1969இல் திருத்தப்பட்ட குழந்தைத் திருமுழுக்குச் சடங்கின் முடிவில், பிள்ளையை ஏந்தி நிற்கும் தாய்க்கே முதல் ஆசீர்; தந்தைக்கு அதன் பிறகுதான். அதற்கு முன்பெல்லாம் பிறந்த சில நாட்களிலேயே திருமுழுக்கு நடந்துவிடும், பெற்றவள் பெரும்பாலும் வீட்டில் படுத்திருப்பாள். என் அண்ணன் மகனின் திருமுழுக்கன்று அண்ணி பாலக்காட்டில் மருத்துவமனையில் இருந்தார். பிள்ளையை ஏந்தி நின்றவர் என் அம்மா. பங்குத்தந்தை அந்த இடம் வந்ததும் நிறுத்தி, “தாய்க்குரியது தாய் வரும்போது” என்று சொல்லி அடுத்த ஆசீருக்குப் போய்விட்டார். அம்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று. அண்ணி உடல் தேறிக் கோயிலுக்கு வந்த ஞாயிறன்று, எல்லோர் முன்னிலையிலும் அவரை நிறுத்தி அந்த ஆசீரைக் கொடுத்தார். யாருக்கு உரியதோ அவருக்கென்று ஒன்றை எடுத்து வைப்பதும் மரியாதைதான். அம்மா மட்டும் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

நெய்யாற்றின்கரை வாசகர்:

கொழிஞ்சாம்பாறைச் சகோதரி இரண்டு வேறு காரியங்களை ஒன்றாக்குகிறார். திருமுழுக்கில் குழந்தை ஒன்று, அதைப் பெற்றவளும் ஒருத்தி. அன்னையர் ஞாயிறு அப்படியன்று. அதைத் தொடங்கிய அன்னா ஜார்விஸ் மணமும் செய்யவில்லை, பிள்ளையும் பெறவில்லை. 1905இல் இறந்த தம் தாயின் நினைவாக, 1908 மே 10 அன்று மேற்கு விர்ஜீனியாவின் கிராஃப்டன் ஊர் மெதடிஸ்ட் ஆலயத்தில் ஆராதனை நடக்க ஏற்பாடு செய்து, தாய்க்குப் பிடித்த வெள்ளைக் கார்னேஷன் பூக்களை அனுப்பிவைத்தார். 1914இல் அமெரிக்க அரசு அந்த நாளை ஏற்றது. பின்னர் பூவும் வாழ்த்து அட்டையும் வியாபாரமானதைக் கண்டு அவரே அதை எதிர்த்தார். பாறசாலைப் பட்டியலின்படி பார்த்தால் அவருக்கும் பாத்திரம் கிடைத்திராது!

எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து இறந்தது. அடுத்த மே மாதம், “தாய்மார் எழுந்து நில்லுங்கள்” என்ற குரல் கேட்டதும் என் மனைவி எழுவதா வேண்டாமா என்று தெரியாமல், முன் இருக்கையின் முதுகைப் பிடித்தபடி பாதி எழுந்த நிலையில் நின்றாள். அவ்வளவுதான்.

ஆகவே சபைக்குழுவில் இருப்பவர்களுக்குச் சில யோசனைகள். எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். உட்கார்ந்திருப்பவர்களை எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நீதிமொழிகளை ஓர் ஆண்டு விட்டுவிட்டு ரூத் 4ஆம் அதிகாரத்தை வாசியுங்கள்: பெற்றவள் ரூத்தாயிருக்க, அயல்வீட்டுப் பெண்கள் அவள் மாமியார் நகோமிக்கே பிள்ளை பிறந்ததாகச் சொல்கிறார்கள், மடியில் வைத்து வளர்ப்பவளும் நகோமியே. தம் சீடன் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பேசும் அப்போஸ்தலன் பவுல், தாய்க்கு முன்னே பாட்டி லோவிசாளைத்தான் சொல்கிறார். பரிசு கொடுத்தே தீரவேண்டுமென்றால் ஆலயத்திலுள்ள பெண்கள் அனைவருக்கும் கொடுங்கள். பணம் போதாதென்றால் பாத்திரத்தை விட்டு ஆளுக்கொரு பூவோடு நிறுத்துங்கள்.

மூணாறு வாசகர்:

மேலே சொன்ன யோசனைகளில், அன்றைய மதிய உணவைச் சமைப்பது யார் என்பது மட்டும் விடுபட்டிருக்கிறது. எங்கள் எஸ்டேட் சபையில் தாய்மார் ஆசீர்வாதம் பெற்ற நேரத்தில், வாரம் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வந்த என் அம்மாவும் வேறு சில பெண்களும் பின்கட்டில் பிரியாணி அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். போதகர் ஆளனுப்பவே, மஞ்சள் படிந்த கைகளோடு வந்தவர்கள் உள்ளே வரக் கூசி வாசற்படியிலேயே நின்றார்கள். அவர் இறங்கிப் போய் அங்கேயே ஜெபித்தார். ஜெபம் சற்று நீண்டுவிட்டதால் பிரியாணி அடிபிடித்தது. அந்த ஞாயிறைப் பற்றிச் சபையார் இன்றும் நினைவில் வைத்திருப்பது அதைத்தான். மறு ஆண்டு முதல் அன்று ஆண்கள்தான் சமைக்கிறோம். உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அம்மாவை இரண்டு முறையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது.