செகண்ட்ஹேண்ட் காரில் தீராத கியர்பாக்ஸ் கோளாறு: சிங்கப்பூர் லெமன் சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். டீலரிடம் வாங்கிய கார், ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. சிக்னலில் நின்று கிளம்பும்போது 'டக்'கென்று ஓர் உதறல், உடனே எச்சரிக்கை விளக்கு எரிகிறது. பட்டறையில் விட்டால் சில நாள் சரியாக ஓடும், அப்புறம் பழையபடிதான். குழந்தையை உட்கார வைத்து எக்ஸ்பிரஸ்வேயில் போகவே பயமாக இருக்கிறது.

குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்பு தரும் லெமன் சட்டம் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது; பழைய கார்களுக்கும் உண்டு. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும், அது நியாயமான காலத்தில் நடக்காவிட்டால் விலைக்குறைப்போ, காரைத் திருப்பிக் கொடுத்துப் பணமோ கேட்கலாம். டீலரோ "இது சாதாரண தேய்மானம், சட்டத்தில் வராது" என்கிறார். கியர்பாக்ஸ் இப்படி உதறுவதை எப்படித் தேய்மானம் என்று ஏற்பது?

இதில் பணம் திரும்பப் பெற்றவர்கள் இருக்கிறீர்களா? ஓட்டிய காலத்துக்கு எவ்வளவு கழித்தார்கள்? சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தின் வரம்பு 20,000 வெள்ளி, இருதரப்பும் ஒப்பினால் 30,000. கார் விலை அதைத் தாண்டுவதால் விலைக்குறைப்பு மட்டும் அங்கே கேட்டவர்கள் உண்டா? பயனீட்டாளர் சங்கத்தின் சமரசம் பலன் தந்ததா? டீலருக்குச் சம்பந்தமில்லாமல் சோதித்து அறிக்கை தரும் நல்ல பட்டறை தெரிந்தாலும் சொல்லுங்கள். ஆறு மாதம் முடிவதற்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், அதனால் சற்று அவசரம்.