தோற்ற குதிரையின் பெயர்

குழு: அப்பப்பா வீட்டுப் பிள்ளைகள்
சனிக்கிழமை, மாலை 4:12

அக்கா (வெள்ளவத்தை): [படம்]
நாய்க்குட்டி செய்த வேலையைப் பாருங்கோ. அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்து தானே இழுத்து எடுத்திருக்கிறான்.

பெரியப்பா (கொட்டாஞ்சேனை): பிள்ளை, அது அப்பா குதிரை ரேஸ் பார்க்கிற தூரக்கண்ணாடி அல்லவா!

அக்கா: ஓம் பெரியப்பா. கண்ணாடிக்கு ஒன்றும் இல்லை. உறையின் தோல் பட்டிதான் போய்விட்டது. வளையம் இருக்கிற பக்கம் ஒரு சாண் மிச்சம்.

பெரியப்பா: உறை மூடிக்குள்ளே நூலில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். ரேஸ்கோர்சுக்குள் போகிற சீட்டு. இருக்கிறதா?

அக்கா: இருக்கிறது. ஓரத்தில் இரண்டு பல் பதிந்திருக்கிறது.

பெரியப்பா: பல் பரவாயில்லை.

நான்: ரேஸ்கோர்ஸ் என்றால் நாங்கள் கோப்பி குடிக்கப் போகிற இடம்தானே?

பெரியப்பா: அதேதான். கறுவாத்தோட்டம். போர்க்காலத்தில் விமானம் இறங்கின தரை அது. நீங்கள் கோப்பிக் கோப்பையைப் படம் எடுத்துக்கொண்டு நிற்கிற அந்த மேடையில் நின்றுதான் அப்பா இந்தக் கண்ணாடியால் பார்ப்பார். ஐம்பதுகளில்.

மாமி (தெஹிவளை): பார்த்தது மட்டுமா?

பெரியப்பா: தங்கச்சி, தொடங்காதே.

அத்தான்: சரி, அது இருக்கட்டும். குட்டிக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. வந்து ஒன்பது நாள். எல்லாரும் 'டேய்' என்றுதான் கூப்பிடுகிறோம். ஆலோசனை சொல்லுங்கோ.

மாமி: மணி.

அக்கா: மாமி, இந்த ஒழுங்கையில் ஏற்கனவே மூன்று மணி.

பெரியப்பா: குதிரைக் கண்ணாடியைக் கடித்தவனுக்குக் குதிரைப் பேர்தான். அலிடார்.

நான்: அது என்ன குதிரை? வென்றதா?

பெரியப்பா: இல்லை. அதனால்தான் சொல்கிறேன்.

அண்ணா (ரொறன்ரோ): இங்கே காலை ஆறே முக்கால். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அலிடாரா? 1978. அமெரிக்காவின் மூன்று பெரிய ரேஸ் இருக்கிறதல்லவா, கென்டக்கி டெர்பி, ப்ரீக்னெஸ், பெல்மன்ட். மூன்றையும் ஒரே வருடத்தில் வென்றால் மூன்று மகுடம். அந்த வருடம் மூன்றையும் வென்றது அஃபர்ம்ட். மூன்றிலும் இரண்டாவது அலிடார்.

பெரியப்பா: டெர்பியில் ஒன்றரை நீளம். ப்ரீக்னெஸில் ஒரு கழுத்து. பெல்மன்ட்டில் ஒரு தலை.

அத்தான்: மூன்றையும் கூட்டினாலும் இரண்டு நீளம் வராதே.

பெரியப்பா: வராது. பெல்மன்ட் ஒன்றரை மைல். அதில் கடைசிப் பாதியில் இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டுதான் ஓடின. ஒரு கட்டத்தில் அலிடார் கொஞ்சம் முன்னால் தலை நீட்டியது என்றுதான் சொல்வார்கள். அஃபர்ம்ட்டில் இருந்த பையனுக்குப் பதினெட்டு வயது. ஸ்டீவ் கோதன். அலிடார் பக்கம் இருந்ததால் வலக்கையால் சவுக்கு வீச இடம் இல்லாமல், சவுக்கை இடக்கைக்கு மாற்றி அடித்தான். அவ்வளவுதான், ஒரு தலை.

அக்காவின் சின்னவன்: (அம்மா போனில்) தாத்தா நீளம் என்றால் எவ்வளவு

பெரியப்பா: ஒரு குதிரையின் உடம்பு நீளம் தம்பி. கிட்டத்தட்ட எட்டு அடி. அதற்குக் குறைந்தால் கழுத்து. அதற்கும் குறைந்தால் தலை. எல்லாவற்றிலும் சின்னது மூக்கு.

மாமி: அப்பாவுக்கு எல்லாமே மூக்குத்தான். சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே "மூக்கு வித்தியாசத்தில் போய்விட்டது" என்பார். எட்டு நீளம் பின்னால் வந்ததும் மூக்கு வித்தியாசம். அம்மாவின் காப்பு இரண்டும் செட்டியார் தெருவில் அடகில் கிடந்ததும் மூக்கு வித்தியாசத்தில்தான்.

பெரியப்பா: திருப்பினாரே.

மாமி: ஒன்றைத் திருப்பினார்.

(ஐந்து நிமிடம் யாரும் எழுதவில்லை.)

பெரியம்மா: இவர் மாலை மருந்து போடவில்லை. யாராவது இவரைப் போனை வைக்கச் சொல்லுங்கோ.

அண்ணா: பெரியப்பா, மருந்து போட்டுவிட்டு வாருங்கோ. இதற்கிடையில் ஒன்று சொல்கிறேன், எல்லாரும் கேளுங்கோ. அலிடாரின் அப்பா ரெய்ஸ் எ நேட்டிவ். அஃபர்ம்ட்டின் அப்பப்பாவும் அதே ரெய்ஸ் எ நேட்டிவ். அப்படியென்றால் அலிடார் அஃபர்ம்ட்டுக்குச் சித்தப்பா முறை.

நான்: சித்தப்பா பெறாமகனிடம் மூன்று தரம் தோற்றாரா?

அத்தான்: எங்கள் குடும்பம் போலத்தான். கரம் விளையாடினால் தெரியும்.

அண்ணா: இன்னும் இருக்கிறது. ரெய்ஸ் எ நேட்டிவின் அப்பா நேட்டிவ் டான்சர். சாம்பல் குதிரை. 22 ரேஸ் ஓடி 21 வென்றது. தோற்ற அந்த ஒன்று எது தெரியுமா? 1953 கென்டக்கி டெர்பி. டார்க் ஸ்டார் என்ற குதிரையிடம் ஒரு தலையில். அதன் பிறகு ப்ரீக்னெஸ், பெல்மன்ட் இரண்டையும் வென்றது.

நான்: அப்போ இது பரம்பரை வியாதி.

பெரியப்பா: மருந்து போட்டாயிற்று. பரம்பரை வியாதி என்று சொல்லாதே. அலிடாரின் பிள்ளை அலிஷெபா 1987ல் அதே டெர்பியை வென்றான்.

அத்தான்: எங்கள் குட்டி நல்ல ஒல்லி. ஒல்லியான குதிரை ஒன்றும் இல்லையா?

பெரியப்பா: இருக்கிறது! ரியல் குவைட். முன்னால் இருந்து பார்த்தால் அவ்வளவு ஒடுக்கம் என்று லாயத்தில் 'மீன்' என்றுதான் கூப்பிட்டார்கள். 17,000 டொலருக்கு வாங்கின குதிரை. 1998ல் டெர்பியும் ப்ரீக்னெஸும் வென்றது. பெல்மன்ட்டில் கடைசித் திருப்பத்துக்குப் பிறகு தனியாக முன்னால் ஓடியது. பின்னால் இருந்து விக்டரி கேலப் வந்தது. கோட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் போயின. படம் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். மூக்கு.

அத்தான்: பணம் எவ்வளவு போனது?

பெரியப்பா: மூன்றையும் வென்றால் 50 லட்சம் டொலர் மேலதிகப் பரிசு. அது போனது.

அத்தான்: ஒரு மூக்குக்கு 50 லட்சம் டொலர். எனக்கு இரவு நித்திரை வராது.

மாமி: மீன் என்று நாய்க்குப் பேர் வைத்தால் ஒழுங்கையில் சிரிப்பார்கள். மீன்காரரும் வந்து நிற்பார்.

அண்ணா: ஸென்யாட்டா? தொடர்ந்து 19 வென்று, 2010ல் கடைசி ரேஸில் மட்டும் ஒரு தலையில் தோற்றாள்.

அக்கா: அது பெண் குதிரை. இவன் கடுவன்.

மாமி: நான் ஒன்று கேட்கிறேன். வென்ற குதிரையே உலகத்தில் இல்லையா? ஏன் எல்லாம் தோற்றதாகவே தேடுகிறீர்கள்?

பெரியப்பா: வென்றதன் பேரை எல்லாரும் வைப்பார்கள் தங்கச்சி. இவன் தாயிடம் பால் குடிக்கும்போதே கடைசியாகத்தான் போவானாம், பிள்ளைதான் அன்றைக்குச் சொன்னது.

அக்கா: ஓம். தமையன் முதலில் போய்விடுவான். இவன் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

பெரியப்பா: அதுதான். சரி, இப்போது எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். இதை எழுத நேரம் எடுக்கும். யாரும் இடையில் எழுதாதீர்கள்.

பெரியப்பா: 1973 மார்ச் 31, சனிக்கிழமை. இங்கிலாந்தில் கிராண்ட் நாஷனல். நாலரை மைல் மாதிரி ஓட்டம், 30 தடை பாய வேண்டும். இங்கே இரவு. அப்பாவும் நானும் ரேடியோவுக்குக் காது கொடுத்துக்கொண்டு முன் விறாந்தையில். சத்தம் அலை மாதிரி வந்து வந்து போகிறது. வீட்டுக் காசு கிறிஸ்ப் என்ற குதிரையில். ஒஸ்ரேலியாவில் இருந்து வந்த பெரிய கறுத்தக் குதிரை.

பெரியப்பா: அந்த ரேஸில் கெட்டிக்காரக் குதிரைக்குப் பாரம் கூட வைப்பார்கள். கிறிஸ்ப் முதுகில் 12 ஸ்டோன், அதாவது 76 கிலோ. ரெட் ரம் என்ற குதிரைக்கு 23 இறாத்தல் குறைவு. பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்று கூடச் சுமந்துகொண்டு ஓடுவதாக நினையுங்கள்.

பெரியப்பா: ஆனால் கிறிஸ்ப் ஆரம்பத்திலேயே எல்லாரையும் விட்டுவிட்டுத் தனியாகப் போய்விட்டது. தடைகளை ஏதோ வீட்டு வாசற்படி மாதிரித் தாண்டுகிறது. கடைசித் தடையைத் தாண்டும்போதும் பதினைந்து நீளம் முன்னால். அப்பா எழுந்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகு தடை இல்லாமல் ஒரு நீளமான ஓட்டம் இருக்கிறது. அங்கேதான் கால் பின்னிக்கொண்டது. சவாரி செய்த ரிச்சர்ட் பிட்மன் சவுக்கை எடுத்தார், கிறிஸ்ப் இடப்பக்கம் சரிந்தது. அது தன் பிழை என்று அவரே பின்னாளில் சொன்னவர். ரெட் ரம் ஒவ்வொரு எட்டாகக் கிட்ட வருகிறது. கோட்டுக்கு மிகக் கிட்டத்தில் வைத்துத் தாண்டியது. முக்கால் நீளம்.

பெரியப்பா: நேரம் 9 நிமிடம் 1.9 வினாடி. முன்பிருந்த சாதனையை விடக் கிட்டத்தட்ட 19 வினாடி குறைவு. தோற்ற கிறிஸ்ப்பும் பழைய சாதனையை உடைத்துவிட்டுத்தான் தோற்றது.

பெரியப்பா: அப்பா ஒன்றும் பேசவில்லை. ரேடியோவை நிறுத்தவும் இல்லை. உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அன்றைக்கு மட்டும் 'மூக்கு' என்று சொல்லவில்லை.

அண்ணா: அதே வருடம் நவம்பரில் டொன்காஸ்டரில் இரண்டும் சம பாரத்தில் ஓடின. கிறிஸ்ப் எட்டு நீளத்தில் வென்றது.

பெரியப்பா: தெரியும். ஆனால் அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? ரெட் ரம் பிறகு '74, '77 என்று இன்னும் இரண்டு நாஷனல் வென்று, அந்த மைதானத்தில் கோட்டுக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறது.

அக்காவின் சின்னவன்: கிறிஸ்ப் என்றால் மொறுமொறு தானே

அக்கா: ஓம் ராசா.

அக்காவின் சின்னவன்: இவன் பட்டியைக் கடிக்கும்போது அந்தச் சத்தம்தான் கேட்டது. கிறிஸ்ப் கிறிஸ்ப் கிறிஸ்ப். தாத்தா அதையே வைப்போம்

பெரியப்பா: நான் அலிடார் என்றேன்.

அத்தான்: வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அக்கா: [படம்]
கூப்பிட்டுப் பார்த்தோம். திரும்பிப் பார்த்தான். பிஸ்கட் கையில் இருந்தது என்பது வேறு விஷயம்.

மாமி: அந்தப் பட்டியை எறிந்துவிடாதே பிள்ளை. இங்கே சந்தியில் செருப்புத் தைக்கிற ஒருவர் இருக்கிறார், கொண்டுவந்து தா.

மாமி: அண்ணா, ஒன்று. அந்தக் கிறிஸ்ப்பில் அப்பா எவ்வளவு கட்டினவர்?

பெரியப்பா: அதை விடு தங்கச்சி.

மாமி: ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. சொல்லுங்கோ.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாமி: வாசித்துவிட்டேன். கட்டினது அப்பா இல்லை, நீங்கள்! அந்த மாதச் சம்பளம் பஸ்ஸில் பறிபோய்விட்டது என்று அம்மாவிடம் அழுதீர்களே!

பெரியப்பா: அண்ணிக்குச் சொல்லாதே.

பெரியம்மா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.