அம்மத்தா கும்மிக்குப் போகலாமா?

குழு: அம்மத்தா வீடு (அம்மத்தா, அப்புச்சி: என் அம்மாவைப் பெற்றவர்கள். சின்ன அத்தை அவர்களுடைய மருமகள்; அவர் அத்தை என்பது அம்மத்தாவை, மாமா என்பது காலமான அப்புச்சியை.)

சின்ன அத்தை, காலை 6:40
நேற்று அத்தையைக் காங்கேயத்திற்கு அழைத்துப் போய் மருத்துவரிடம் காட்டினோம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கின்றன என்றும், தூக்க மாத்திரை எழுதுவதற்கு முன் இரண்டு மாதம் நாலு பேரோடு பழக விட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார். மாமா காலமானதிலிருந்து அத்தை இரண்டு வாய் சந்தகையோடு (இடியாப்பம்) தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். பகலெல்லாம் டிவி முன்னால் கண்ணயர்ந்துவிட்டு, இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) தனியாக உட்கார்ந்துகொள்கிறார்கள். மாரியம்மன் கோயில் திடலில் வள்ளிக்கும்மிப் பயிற்சி தொடங்கியிருக்கிறது, அத்தையும் வரட்டும் என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

அம்மா, 6:48
அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதை இப்போதுதான் சொல்ல வேண்டுமா?

சின்ன மாமா, 6:55
அப்பாவுக்கு இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் அம்மா கும்மிக்குப் போனால் ஊரில் என்ன பேசுவார்கள் என்பதையும் யோசியுங்கள்.

சித்தி, 7:02
அம்மாவைக் கோவைக்கு அனுப்புங்கள் என்று கார்த்திகையிலேயே கேட்டேன் அண்ணா.

சின்ன மாமா, 7:03
நான்காவது மாடியில் அம்மா யாரோடு பேசுவார்? தென்னந்தோப்புக் குத்தகையில் தொடங்கி எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பாகிறேன்.

பெரிய மாமா, 7:31
குத்தகைப் பேச்சை நேரில் வைத்துக்கொள்வோம். அம்மாவைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். 65 வயது கடந்தவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளாவது உடல் தடுமாறாமல் நிற்கப் பழக்கும் அசைவுகளும் அதில் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு காலை முன்வைத்து, லேசாகக் குனிந்து நிமிர்ந்து, கைதட்டித் திரும்பும் கும்மியில் அந்த அசைவுகள் எல்லாம் இருக்கின்றன. இரவுத் தூக்கம் கெடுவதற்கு ஒரு காரணம் பகலில் திரைக்கு முன்னால் இருந்துகொண்டு வெயிலே படாமல் இருப்பது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்புக்குப் பகல் எது, இரவு எது என்று பிடிபடும். ஆகவே விடிந்ததும் களத்தைச் சுற்றி அரைமணி நேரம் அம்மாவோடு யாராவது நடக்க வேண்டும், பகல் தூக்கத்தையும் குறைக்க வேண்டும்.

இனிச் சிரிப்பைப் பற்றிச் சொல்கிறேன். மும்பையில் மதன் கட்டாரியா என்ற மருத்துவர் 1995இல் ஒரு பூங்காவில் ஐந்தே பேரோடு சிரிப்பு மன்றத்தைத் தொடங்கினார், அது இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பர் குழுவினர் செய்த ஆய்வில், பலர் கூடி வாய்விட்டுச் சிரித்த பிறகு வலியைப் பொறுக்கும் திறன் கூடுவதைப் பார்த்தார்கள். அப்போது உடம்பு தானாகச் சுரக்கும் எண்டார்ஃபின்தான் காரணம் என்று கருதுகிறார்கள். தனியாக இருக்கும் மனிதருக்குச் சிரிப்பு அரிதாகத்தான் வரும். அம்மாவை நாலு பேர் நடுவில் உட்கார வைத்தாலே போதும் என்று நான் நம்புகிறேன்.

அம்மா, 7:40
அண்ணா, பாதி படித்தேன், பால்காரர் வந்துவிட்டார். கம்பங்கூழ் கொடுக்கலாமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

பெரிய மாமா, 7:44
தாராளமாகக் கொடுக்கலாம், கொள்ளுப்பருப்பும் கடையலாம். ஆனால் 52 வருஷம் அப்பாவுக்குப் பரிமாறிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு இப்போது தனித்தட்டு வைக்கிறோம். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருங்கள்.

சின்ன அத்தை, 7:50
இன்று மத்தியானத்திலிருந்து அப்படியே செய்கிறேன்.

நான், 8:10
போன மாதம் நான் வந்திருந்தபோது அம்மத்தா ஒரே ஒரு முறைதான் சிரித்தார். கண்ணபுரம் சந்தைக்கு மாடு வாங்கப் போன அப்புச்சி, கயிறு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, “கயிறு மலிவாகக் கிடைத்தது, மாட்டை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்னாராமே, அதைச் சொல்லும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கயிறு இன்னும் கட்டுத்தறி ஆணியில்தான் தொங்குகிறது.

சித்தி, 8:12
அந்தக் கயிற்றில்தான் எங்களுக்கு ஊஞ்சல் கட்டிக் கொடுத்தார்.

சின்ன மாமா, 8:20
எனக்கும் அம்மா சிரிக்க வேண்டும் என்ற ஆசை இல்லாமல் இல்லை. பெரியப்பா வீட்டில் கேட்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்று மட்டும்தான் சொல்கிறேன்.

பெரிய மாமா, 8:34
தம்பி, காரமடை பத்திரப்பன் ஐயாவுக்கு 87 வயதில், 2024இல், வள்ளி ஒயில் கும்மிக்காகப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த அந்தக் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தவர் அவர். அன்று ஊர் பேசியதற்காக அவர் நிறுத்தியிருந்தால் இன்று நம் வீட்டுப் பெண் ஒருத்தியும் காலில் சலங்கை கட்டியிருக்க மாட்டாள். அம்மா ஆடுவது முருகன் வள்ளியைக் கைப்பிடித்த கதை, அதில் யாருக்கு என்ன குறை வந்துவிடும்?

அம்மா, 8:36
இடது முழங்கால் வலியோடு அம்மா எப்படி ஆடுவார் என்பதை யாரும் கேட்கவில்லை.

சித்தி, 8:37
நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினால்கூடப் போதும்.

சின்ன அத்தை, இரவு 8:15
யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆட வேண்டாம், பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லி இன்று அத்தையைத் திடலுக்கு அழைத்துப் போனேன். வேப்பமரத்தடிக் கல்லில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் பாட்டெடுத்து, பிள்ளைகள் வட்டம் சுற்றத் தொடங்கியதும் அத்தையின் வலது கால் கட்டைவிரல் மண்ணில் தாளம் போட்டது, மூன்றாவது பாட்டில் இரண்டு கையும் சேர்ந்துகொண்டன. அடி தப்பிய ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, “இப்படி வை கண்ணு” என்று உட்கார்ந்தபடியே காலை வைத்துக் காட்டினார்கள். திரும்பி வந்து அரிசிம்பருப்புச் சாதம் ஒரு கரண்டி கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அம்மா, 8:17
இதைப் படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான், 8:18
அம்மத்தா முக்காட்டை எடுத்தாரா, அத்தை?

சின்ன அத்தை, 8:25
பாதியில் அதுவாகவே நழுவியது, திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. அரங்கேற்றத்திற்கு ஒரே நிறச் சேலை எடுக்கிறார்களாம், வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

சித்தி, 8:26
சேலைப் பணம் நான் அனுப்புகிறேன்.

சின்ன மாமா, 8:50
பணம் யாரும் அனுப்ப வேண்டாம். அமாவாசை கழித்துப் பெரியப்பாவிடம் பேசிவிட்டுச் சேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

பெரிய மாமா, 8:52
அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வருகிறது, பெயர் வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

சின்ன மாமா, 9:05
நாளை விடிந்ததும் அம்மாவைக் களத்துக்கு நானே நடக்க அழைத்துப் போகிறேன். அப்போது அம்மாவிடமே கேட்கிறேன்.