பாடகி பியான்ஸேவை வைத்து ஆரம்பித்த டான்ஸ் கேம் ஏன் வெளியே வரவே இல்லை?

கினெக்ட்_காதலன்

பழைய கினெக்ட் (எக்ஸ்பாக்ஸில் மாட்டினால் கேமரா வழியே நம் உடம்பின் அசைவைப் பார்த்து விளையாட வைக்கும் கருவி) கேம்களைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோது 'ஸ்டார்பவர்: பியான்ஸே' என்ற பெயர் கண்ணில் பட்டது. 2010ல் வேலை நடந்து, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நின்றுபோயிருக்கிறது. அந்த ஆண்டு கிராமி விழாவில் மட்டும் பியான்ஸே ஆறு விருது வாங்கியிருந்தார், கினெக்ட்டும் அதே நவம்பரில்தான் கடைக்கு வந்தது, டான்ஸ் கேம் என்றாலே ஜனங்கள் வரிந்துகட்டிக்கொண்டு வாங்கிய காலம். எல்லாம் கூடி வந்த நேரத்தில் எப்படிக் கைநழுவியது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். வேலை கொஞ்சமாவது முடிந்திருந்தால், அவர் முகத்தையும் பாட்டையும் எடுத்துவிட்டு வேறு பெயரில் விட்டிருக்கலாம் இல்லையா?

வழக்குக்கட்டு

இது கோர்ட் வரை போன விவகாரம். கேமைச் செய்தது நியூயார்க்கைச் சேர்ந்த கேட் ஃபைவ் என்ற சின்ன ஸ்டுடியோ. 2010ல் பியான்ஸேவோடு ஒப்பந்தம் போட்டார்கள், டிசம்பரில் அவர் விலகிவிட்டார். 2011 ஏப்ரலில் ஸ்டுடியோ 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது.

அவர்கள் சொன்னது இதுதான்: பேசி முடித்த தொகை போதாது என்று அவர் புதிதாகப் பணம் கேட்டார், அதைப் பார்த்து முதலீட்டாளர் பின்வாங்கினார், நாங்கள் போட்ட 67 லட்சம் டாலரும் போச்சு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் 70 பேருக்கு வேலையும் போச்சு. பியான்ஸே தரப்போ, ஸ்டுடியோ சொன்ன தேதிக்குள் நிதியை உறுதி செய்யவில்லை, அப்படியானால் விலகிக்கொள்ள எனக்கு ஒப்பந்தத்திலேயே உரிமை இருக்கிறது என்றது.

2013ல் இரு தரப்பும் சமரசமாகப் போய்விட்டார்கள், தொகை எவ்வளவு என்று வெளியிடவில்லை. அதனால் யார் சொன்னது சரி என்று எந்த நீதிபதியும் முடிவாகச் சொல்லவில்லை. இணையத்தில் பலர் பியான்ஸேதான் கெடுத்தார் என்று அடித்துப் பேசுகிறார்கள், அவர்கள் படித்தது ஸ்டுடியோவின் மனுவை மட்டும்தான்.

ஃப்ரேம்_30

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், நான் கேம் அனிமேஷனில் இருப்பவன்.

டான்ஸ் கேமில் பாட்டு என்பது பின்னணி இசை இல்லை, கேமே அதுதான். முதலில் நடன இயக்குநர் ஒரு பாட்டுக்கு முழு நடனத்தையும் அமைக்கிறார். அதைச் சின்னச் சின்ன அசைவுகளாக வெட்டுகிறோம், கையை உயர்த்துவது ஒன்று, இடுப்பைத் திருப்பி ஒரு அடி பின்னால் வைப்பது ஒன்று என்று. கினெக்ட் நம் உடம்பில் 20 மூட்டுகளை நொடிக்கு 30 தடவை பார்க்கும். முதல் தாளத்தில் முழங்கை எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு விலகினால் மதிப்பெண் குறையும் என்பதை ஒவ்வொரு அசைவுக்கும் உட்கார்ந்து சரி செய்ய வேண்டும். உயரமானவர், குழந்தை, மெதுவாக ஆடுபவர் என்று விதவிதமான ஆட்களை ஆட வைத்துப் பார்த்து மறுபடி திருத்துவார்கள். ஒரே பாட்டு வாரக்கணக்கில் இழுக்கும்.

இப்போது அந்தப் பாட்டை எடுத்துவிடுங்கள். தாளம் மாறிவிட்டது, அசைவு பொருந்தாது, அந்த வேலை அத்தனையும் குப்பைக்குத்தான். மிஞ்சுவது அசைவைக் கண்டுபிடிக்கும் நிரல் மட்டும். அது ஏற்கெனவே மற்ற நிறுவனங்களிடமும் இருந்தது, அந்த நவம்பரில் கினெக்ட்டோடு சேர்ந்தே 'டான்ஸ் சென்ட்ரல்' என்ற வேறொரு டான்ஸ் கேம் வந்துவிட்டது.

புதுப் பாட்டு வாங்கலாமே என்றால், ஒரு பாட்டுக்கே பாட்டெழுதி இசையமைத்தவர்களின் உரிமை தனி, பதிவு செய்த கம்பெனியின் உரிமை தனி. இரண்டு பக்கமும் பேசி முடிக்கக் காசு வேண்டும். அந்தக் காசைப் போட வந்தவரோ பியான்ஸே பெயரை நம்பி வந்தவர். பியான்ஸே போன பிறகு யாரிடம் போய் நிற்பது?

கினெக்ட்_காதலன்

நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் மைக்கேல் ஜாக்சன் கேம் மட்டும் எப்படி ஒழுங்காக வெளியே வந்தது? அதுவும் அதே 2010தானே?

மூன்நடை

ஆமாம், 'தி எக்ஸ்பீரியன்ஸ்' 2010 நவம்பரில் வந்தது. ஆனால் அதைச் செய்தது யுபிசாஃப்ட். 'ஜஸ்ட் டான்ஸ்' என்ற டான்ஸ் கேமை வைத்திருந்த பெரிய கம்பெனி, ஒரு கேம் நின்றாலும் சம்பளம் நிற்காது. கேட் ஃபைவின் நிலைமை அப்படி இல்லையே, எல்லாவற்றையும் ஒரே கேமில் போட்டுவிட்டார்கள். மைக்கேல் பக்கமும் எல்லாம் கைகூடவில்லை. 'பிளானட் மைக்கேல்' என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் ஆடும் ஆன்லைன் கேமை அதே ஆண்டு அறிவித்தார்கள், 2011ல் வரும் என்றார்கள், வரவே இல்லை.

என் மனசுக்கு நெருக்கமானது ராப் பாடகர் கான்யே வெஸ்ட்டின் 'ஒன்லி ஒன்'. இறந்துபோன தன் அம்மா சொர்க்கத்தின் வாசல் வரை பறந்து போவதுதான் கேம். 2016 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அத்தனை ஜனங்களுக்கு முன் டிரெய்லரைப் போட்டுக் காட்டினார். அதுவும் வரவில்லை. இங்கே யாரும் யாரோடும் சண்டை போட்டு விலகியதாகத் தெரியவில்லை, யோசனையும் அவருடையது, பெயரும் அவருடையது, அப்படியும் நின்றது. அந்த டிரெய்லரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வந்திருக்க வேண்டிய கேம்.

லெவல்_டிசைனர்

எல்லோரும் பாடகரைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு அந்த 70 பேர்தான் மனசில் நிற்கிறார்கள். வழக்கு பியான்ஸேவுக்கும் ஸ்டுடியோவுக்கும் இடையில், சமரசமும் அவர்களுக்கு இடையில்தான். அனிமேஷன் செய்தவருக்கும் பரிசோதித்துப் பார்த்தவருக்கும் அதில் இடமே இல்லை, வெளிவராத கேமை வேலை தேடும்போது காட்டவும் முடியாது, பெரும்பாலும் ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள்.

நான் வேலை செய்த ஓர் இடத்திலும் பிரபலத்தின் பெயரில் ஆரம்பித்த கேம் நின்றது, ஒரு மதியம் கூட்டம் போட்டுச் சொன்னார்கள், சாயங்காலத்துக்குள் மேசையைக் காலி செய்தோம். அதனால் சொல்கிறேன்: பிரபலத்துக்கு முன்பணம் ஒதுக்கும்போதே, கேம் நின்றால் ஊழியர்களுக்குத் தர மூன்று மாதச் சம்பளத்தையும் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அதற்கு வழியில்லை என்றால் அந்தப் பிரபலத்தை வைத்துக் கேம் எடுக்கவும் அந்த ஸ்டுடியோவுக்கு வசதியில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

வழக்குக்கட்டு

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். கூடவே, முதலீடு முழுசாக வங்கிக்கு வரும் முன் 70 பேரை வேலைக்கு எடுத்ததையும் கேள்வி கேட்க வேண்டும். அந்த முடிவை எடுத்தது பியான்ஸே இல்லை.